பேச்சுவார்த்தையைப் பற்றிப் பாலஸ்தீனர்கள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள்? கருத்துக்கணிப்புகளை வாசிப்பது குறித்து

#1 – தாழைமலர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தில் சென்ற வாரம் நடந்த வாக்குவாதம் ஒன்று இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை. இஸ்ரேல் மீது அக்டோபர் 7 தாக்குதலை நடத்த, காஸாவை ஆண்ட ஆயுத இயக்கமான ஹமாஸ் எடுத்த முடிவு சரியானது என்று 72 சதவீதப் பாலஸ்தீனர்கள் கூறியதாக 2023 டிசம்பரில் ஒரு கருத்துக்கணிப்பு வெளியானது. நண்பர் ஒருவர் அந்த ஒற்றை எண்ணைச் சொல்லி, "இவர்களுக்குச் சமாதானமே வேண்டாம், பிறகு யாருடன் யார் பேசுவது?" என்று பேச்சை முடித்துவிட்டார். எதிர்த்துப் பேசியவரோ "அந்தக் கணிப்பே பொய்" என்று ஒரே அடியாகத் தள்ளினார். அதே அறிக்கையின் மற்றப் பக்கங்களைப் புரட்டிப் பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை. ஆகவே நானே உட்கார்ந்து புரட்டினேன்.

அந்தக் கணிப்பை நடத்தியது ராமல்லாவில் இயங்கும் பாலஸ்தீனக் கொள்கை மற்றும் கருத்துக்கணிப்பு ஆய்வு மையம். அதன் இயக்குநர் கலீல் ஷிகாகி 1993 முதல், முதலில் நாப்லுஸ் நகரிலிருந்தும் பின்னர் ராமல்லாவிலிருந்தும், இந்த வேலையை இடைவிடாமல் செய்துவருகிறார். ஆகவே நம்மிடம் முப்பது ஆண்டுகளின் தொடர்ச்சி இருக்கிறது. அந்தத் தொடர்ச்சியை விட்டுவிட்டு ஒரு மாதத்தின் எண்ணை மட்டும் எடுத்துப் பேசுவது, வயிற்றுப்போக்கு வந்த அன்று ஒருவரை எடை பார்த்துவிட்டு அதுதான் அவர் எடை என்று எழுதிவைப்பதற்கு ஒப்பாகும்.

தொடர்ச்சி என்ன சொல்கிறது? 1993 செப்டம்பரில் இஸ்ரேலுக்கும் பாலஸ்தீனத் தலைமைக்கும் இடையே ஒஸ்லோ உடன்படிக்கை கையெழுத்தானபோது மேற்குக் கரையிலும் காஸாவிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அதை ஆதரித்தார்கள். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் சமாதான முயற்சிக்கான ஆதரவு அதற்கும் மேலே சென்றது. 2016 ஜூனில், இஸ்ரேலும் பாலஸ்தீனமும் அருகருகே தனி நாடுகளாக இருக்கும் இரு நாடுகள் தீர்வைப் பாலஸ்தீனரில் 51 சதவீதமும் இஸ்ரேலியரில் 59 சதவீதமும் ஆதரித்ததாக இரு தரப்பு ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்திய கணிப்பு கூறியது. 2023 டிசம்பரில் பாலஸ்தீனரிடையே அது 34 சதவீதமாகச் சரிந்து, 2024 மார்ச்சில் 45 ஆக உயர்ந்து, ஜூனில் 32 ஆக இறங்கி, 2025 மேயில் 40 ஆக நின்றது.

இதனை வாசித்தபின் எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன், தவறென்றால் திருத்துங்கள். ஒருவர் எதை விரும்புகிறார் என்பதும், எது நடக்கும் என்று நம்புகிறார் என்பதும் வெவ்வேறு. இந்தக் கணிப்புகளில் முப்பது ஆண்டுகளாகத் தேய்ந்துவந்திருப்பது பெரும்பாலும் நம்பிக்கையே. குடியேற்றங்கள் பெருகிவிட்டதால் இரு நாடுகள் தீர்வு இனி நடைமுறைக்கு ஒத்துவராது என்று ஒவ்வொரு சுற்றிலும் பாதிக்கும் மேற்பட்டோர், பல சுற்றுகளில் மூன்றில் இரண்டு பங்கினர், கூறுகிறார்கள். 1993-இல் கிழக்கு ஜெருசலேம் நீங்கலாக மேற்குக் கரையில் இருந்த இஸ்ரேலியக் குடியேறிகள் சுமார் 1,10,000 பேர். இன்று அவர்கள் ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். ஒஸ்லோவில் ஐந்து ஆண்டு இடைக்கால ஏற்பாடு என்று சொல்லி, 1999 மேயில் முடிந்திருக்க வேண்டிய ஒன்று இன்னும் நீடிக்கிறது. மேற்குக் கரையின் சுமார் 60 சதவீத நிலம் "சி" பகுதி என்ற பெயரில் இன்றும் முழு இஸ்ரேலியக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும்போதே ஜன்னலுக்கு வெளியே எதிர்க்குன்றில் புதிய கூரைகள் எழுவதைப் பார்த்த ஒரு தலைமுறையிடம் "பேச்சுவார்த்தையை நம்புகிறாயா?" என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்?

#2 – எண்ணாளர்

தாழைமலர் அம்மா, நல்ல தொடக்கம். நான் பதினொரு ஆண்டுகள் வீடு வீடாகச் சென்று கணக்கெடுக்கும் களப்பணியில் இருந்தவன் என்பதால், "அந்தக் கணிப்பே பொய்" என்ற கூற்றைப் பற்றி மட்டும் முதலில் பேசுகிறேன்.

ஷிகாகியின் மையம் தொலைபேசியில் கேட்பதில்லை, நேரில் சென்று கேட்கிறது. வழக்கமாக ஏறத்தாழ 1,200 பேர், 120 இடங்களை ஒட்டித் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். பிழை வரம்பு மூன்று சதவீதம் அளவில் இருக்கும். போர்க்காலத்தில் காஸாவில் இது எவ்வளவு கடினம் என்பதைக் களத்தில் நின்றவர்களால்தான் முழுதாக உணர முடியும். கணக்கெடுப்புக்கு அடிப்படையே வீட்டுப் பட்டியல். வீடே இல்லாத ஊரில் எந்தப் பட்டியலை வைத்துக்கொள்வது? அதனால் இடம்பெயர்ந்தோர் தங்கிய பள்ளிகளையும் கூடாரத் தொகுதிகளையும் கணக்கில் கொண்டு புதிதாக மாதிரி எடுத்தார்கள். வடக்குக் காஸாவுக்குள் செல்ல முடியாத சுற்றுகளில் அதை அறிக்கையிலேயே ஒப்புக்கொண்டார்கள். கூடாரத்தில் ஒருவரைத் தனியே அமர்த்திக் கேள்வி கேட்பது என்பது அநேகமாக இயலாத காரியம். நடுவே ஒரு துணிதான் இருக்கும். அடுத்த குடும்பம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும். அந்த நிலையில் ஆட்சியிலிருக்கும் ஆயுதக் குழுவைப் பற்றிக் கேட்டால் பதிலில் கொஞ்சம் அச்சம் கலந்திருக்கும் என்பதை எந்தக் களப்பணியாளரும் மறுக்க மாட்டார்.

ஆனால் அதை வைத்து எல்லாவற்றையும் தள்ளிவிட முடியாது. 2024 ஆகஸ்டில் இஸ்ரேலிய இராணுவம், காஸாவில் கைப்பற்றிய ஆவணங்களின்படி மையத்தின் முடிவுகளை ஹமாஸ் திருத்த முயன்றது என்று குற்றஞ்சாட்டியது. மையம் தன் தரவுகளை மீண்டும் சோதித்துப் பார்த்து அதை மறுத்தது. கேள்வியாளரின் கைக்கருவியில் பதிவாகும் பதில் நேராக மையத்தின் சேமிப்பகத்துக்குச் சென்றுவிடுகிறது, இடையில் யாரும் கைவைக்க வழியில்லை என்பது அவர்கள் விளக்கம். இதில் எனக்கு வலுவாகப் படும் சான்று வேறொன்று. அச்சம்தான் பதிலைத் தீர்மானிக்கிறது என்றால், ஹமாஸின் பிடிக்குள் இருந்த காஸாவில் ஆதரவு கூடுதலாகவும், பிடி இல்லாத மேற்குக் கரையில் குறைவாகவும் இருக்க வேண்டும். கிடைத்தது அதற்கு நேர்மாறு. அக்டோபர் 7 முடிவு சரி என்றோர் 2023 டிசம்பரில் மேற்குக் கரையில் 82 சதவீதம், காஸாவில் 57. 2024 செப்டம்பரில் மேற்குக் கரையில் 64, காஸாவில் 39. 2025 மேயில் 59, 37. குண்டு விழுந்த இடத்தில் ஆதரவு குறைவாகவும், செய்தியில் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் கூடுதலாகவும் இருந்திருக்கிறது.

#3 – மருதவாணன்

இருவரும் மென்மையாகப் பேசுகிறீர்கள். நான் கடினமான பக்கத்தையே எடுத்துச் சொல்கிறேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்த இழை நியாயமானதாக இருக்காது.

முதலாவது, அந்த 2023 டிசம்பர் கணிப்பிலேயே 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர், அக்டோபர் 7 அன்று பொதுமக்கள் மீது ஹமாஸ் கொடூரங்கள் எவற்றையும் நிகழ்த்தவில்லை என்று நம்பினார்கள். அன்று சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். 251 பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள். அவர்களில் குழந்தைகளும் முதியவர்களும் இருந்தார்கள். இதை ஒரு சமூகம் ஏற்க மறுக்கும்போது எதிர்த்தரப்பில் இருப்பவர் எப்படிப் பேச வருவார்?

இரண்டாவது, இது புதிதும் அல்ல. 2003 அக்டோபரில் ஹைஃபா நகரில் ஓர் உணவகத்தில் நடந்த தற்கொலைத் தாக்குதலில் 21 பேர் இறந்தார்கள். அடுத்த சில நாட்களில் எடுக்கப்பட்ட கணிப்பில் 75 சதவீதப் பாலஸ்தீனர்கள் அதை ஆதரித்தார்கள். அது யூதர்களும் அரபியரும் சேர்ந்து நடத்திய உணவகம். இறந்தவர்களில் அரபியரும் இருந்தார்கள்.

மூன்றாவது, 2006 ஜனவரித் தேர்தலில் வாக்குச்சாவடி வாசலில் எடுத்த கணிப்புகள்கூட அதுவரை ஆட்சியிலிருந்த ஃபத்தா கட்சியே முன்னணி என்றன. வென்றது ஹமாஸ்: 132 இடங்களில் 74. ஆகவே கணிப்புகளின் எண்களை ஓர் அளவுக்கு மேல் நம்பவும் முடியாது. "விரும்புகிறார்கள், ஆனால் நம்பவில்லை" என்ற தாழைமலரின் விளக்கம் கேட்க ஆறுதலாக இருக்கிறது. அது பாதி உண்மையாகத்தான் இருக்கும் என்பது என் ஐயம்.

#4 – தாழைமலர்

மருதவாணன் ஐயா, நீங்கள் சொன்ன மூன்றும் உண்மை. அவற்றை மறைத்துக்கொண்டு பேசுவது கொல்லப்பட்டவர்களுக்குச் செய்யும் அவமதிப்பு என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அந்த 90 சதவீதத்தைப் படித்த இரவு எனக்கும் உறக்கம் வரவில்லை. எனினும் அதே அறிக்கையில் அடுத்த வரியையும் பார்க்க வேண்டுகிறேன். அக்டோபர் 7 காட்சிப் பதிவுகளைப் பார்த்தீர்களா என்ற கேள்விக்கு 85 சதவீதத்தினர் பார்க்கவில்லை என்றார்கள். பார்த்த சிறு பகுதியினரிடம் "நடந்தது" என்ற பதில் பல மடங்கு கூடுதலாக இருந்தது. அவர்கள் காணும் தொலைக்காட்சிகள் அந்தக் காட்சிகளைக் காட்டவில்லை. இஸ்ரேலியர் காணும் தொலைக்காட்சிகள் காஸாவின் குழந்தைகளைக் காட்டுவதும் அரிது. நான் இதைக் குற்றத்தைக் கழுவச் சொல்லவில்லை. அந்தப் பதில் எங்கிருந்து வருகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஹைஃபா கணிப்பை நீங்களே நினைவூட்டியதற்கு நன்றி, ஏனெனில் என் வாதத்துக்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. 75 சதவீதம் அந்தத் தாக்குதலை ஆதரித்த அதே கணிப்பில், இரு தரப்பும் சேர்ந்து வன்முறையை நிறுத்துவதை 85 சதவீதம் ஆதரித்தார்கள். அதாவது ஒரே மனிதர் ஒரே நாளில், ஒரே நாற்காலியில் அமர்ந்து இரண்டுக்கும் ஆம் என்றிருக்கிறார். இதை முரண்பாடு என்று சொல்லிக் கடந்துவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. "அடிக்கு அடி வேண்டுமா?" என்றால் வேண்டும் என்பதும், "அவனும் நிறுத்தினால் நீயும் நிறுத்துவாயா?" என்றால் நிறுத்துவேன் என்பதும், ஊரில் பங்காளிச் சண்டை பார்த்த எவருக்கும் புரியாத விஷயமல்ல. இதே மக்கள் 1996 தொடக்கத்தில், பேச்சுவார்த்தை ஏதோ தரும் என்று நம்பிய காலத்தில், ஜெருசலேமிலும் டெல் அவிவிலும் நடந்த தற்கொலைக் குண்டுவெடிப்புகளைப் பெரும்பான்மையாக எதிர்த்தார்கள். 1996-க்கும் 2003-க்கும் இடையில் அவர்களின் மதம் மாறவில்லை, பாடநூல் தலைகீழாகவில்லை. 2000 ஜூலையில் அமெரிக்காவின் கேம்ப் டேவிடில் இரு தரப்புத் தலைவர்களின் பேச்சு முறிந்து, செப்டம்பரில் இரண்டாம் இன்திஃபாதா என்ற பாலஸ்தீனக் கிளர்ச்சி வெடித்து, சாலைகள் சோதனைச் சாவடிகளால் துண்டுபட்டதுதான் மாறியது.

#5 – பாலைவழி

இந்த இழையைத் தாமதமாகத்தான் பார்த்தேன். நான் வளைகுடாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகள் கணக்குப் பிரிவில் இருந்தேன். எனக்கு எதிர் மேசையில் அமர்ந்திருந்த பொறியாளர் ஜோர்டானைச் சேர்ந்தவர். அம்மானுக்கு வடக்கே பகாஆ அகதி முகாமில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய பாட்டனார் 1948-இல் ராம்லேக்கு அருகிலிருந்த கிராமம் ஒன்றிலிருந்து வெளியேறியவர். இஸ்ரேல் உருவான அந்த ஆண்டுப் போரில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள் அல்லது வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் அதை நக்பா, பேரழிவு என்கிறார்கள். அந்தக் கிராம வீட்டின் சாவி இன்னும் அவருடைய தாயாரிடம் இருக்கிறது. வீடு இல்லை, கதவு இல்லை, சாவி இருக்கிறது. அதைப் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில், நிலப் பத்திரத்தின் நகலோடு, துணியில் சுற்றி வைத்திருப்பதை அவர் எனக்குப் படமெடுத்துக் காட்டினார். துருப்பிடிக்காமலிருக்க ஆண்டுக்கொரு முறை எண்ணெய் பூசுவார்களாம்.

ஒரு நாள் மதிய உணவின்போது நான் நேரடியாகவே கேட்டுவிட்டேன், "நாளை அனுமதி கொடுத்தால் அங்கே போய்க் குடியிருப்பீர்களா?" என்று. நீண்ட நேரம் யோசித்துவிட்டு அவர் சொன்னார்: "உரிமை எனக்கு உண்டு என்று அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். அதில் ஓர் எழுத்தைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன். போவேனா என்பது வேறு. என் மகள் அம்மானில் படிக்கிறாள்."

2003-இல் ஷிகாகி செய்த ஒரு கணிப்பு எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. மேற்குக் கரை, காஸா, ஜோர்டான், லெபனான் ஆகிய இடங்களில் 4,500 அகதிக் குடும்பங்களிடம் அவர் கேட்டார். திரும்பும் உரிமை ஏற்கப்பட வேண்டும் என்பதில் ஏறத்தாழ எல்லோரும் ஒரே குரலில் நின்றார்கள். உரிமை ஏற்கப்பட்டபின் எங்கே வாழ்வீர்கள் என்று வழிகளை வரிசையாக வைத்துக் கேட்டபோது, இஸ்ரேலுக்குள் சென்று வாழ்வேன் என்றவர்கள் 10 சதவீதம் மட்டுமே. பாதிக்கும் மேற்பட்டோர் அமையவிருக்கும் பாலஸ்தீன நாட்டில் வாழ்வதைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்த முடிவை வெளியிடவிருந்த நாளில் ராமல்லா அலுவலகத்துக்குள் ஒரு கூட்டம் புகுந்து அவர் மீது முட்டைகளை வீசியது. அந்தப் பத்து சதவீதம் என்ற எண் உரிமையையே விட்டுக்கொடுத்ததாகப் படிக்கப்படும் என்று அவர்கள் அஞ்சினார்கள். இதே ஷிகாகியின் உடன்பிறந்தவர்தான் இஸ்லாமிய ஜிஹாத் இயக்கத்தைத் தோற்றுவித்து 1995-இல் மால்டாவில் கொல்லப்பட்ட ஃபத்ஹி ஷிகாகி என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். ஒரே வீட்டில் பிறந்த இருவரில் ஒருவர் ஆயுதம் எடுத்தார், மற்றவர் கேள்வித்தாள் எடுத்தார்.

பேச்சுவார்த்தைக்கு வருவோர் கவனிக்க வேண்டிய இடம் இது என்று நான் எண்ணுகிறேன். ஒப்புக்கொள்ளுதல் முதலில் வந்தால் ஏற்பாடுகளில் இடம் கிடைக்கும். ஏற்பாடுகளை முதலில் வைத்து, ஒப்புக்கொள்ளுதலை விலையாகக் கேட்டால் கதவு அடைபட்டுவிடும்.

இன்னொன்று. நாம் இங்கே சுட்டிக்கொண்டிருக்கும் காலாண்டுக் கணிப்புகள் மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம், காஸா ஆகியவற்றில் வாழ்பவர்களை மட்டுமே கேட்கின்றன. ஐ.நா. பதிவேட்டில் அகதிகளாக இருப்போர் 59 லட்சம் அளவில். அவர்களில் என் நண்பரைப் போல் ஜோர்டானிலும், லெபனானிலும், சிரியாவிலும் இருப்பவர்கள் அந்த 40 சதவீதத்துக்குள்ளும் இல்லை, 72 சதவீதத்துக்குள்ளும் இல்லை.

#6 – சிற்றோடை

நல்ல உரையாடல். எனக்கு ஓர் எளிய ஐயம். மக்கள் என்ன நினைத்தாலும், அவர்கள் சார்பில் கையெழுத்திடும் தகுதி இன்று யாருக்கு இருக்கிறது? பாலஸ்தீன அதிபர் மக்மூத் அப்பாஸைப் பற்றிக் கணிப்புகள் என்ன சொல்கின்றன?

#7 – எண்ணாளர்

சிற்றோடை கேட்டதுதான் மையமான கேள்வி.

அப்பாஸ் 2005 ஜனவரியில், 62 சதவீத வாக்குகளோடு, நான்கு ஆண்டுக் காலத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதன்பின் அதிபர் தேர்தலே நடக்கவில்லை. 2021 மே 22 அன்று நாடாளுமன்றத் தேர்தல் என்று அறிவித்தார்கள். 36 பட்டியல்கள் பதிவாயின. இளைஞர்கள் பெருந்திரளாக வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்தார்கள். கிழக்கு ஜெருசலேமில் வாக்களிக்க இஸ்ரேல் உறுதி தரவில்லை என்ற காரணத்தைக் காட்டி ஏப்ரல் இறுதியில் அப்பாஸ் அதை ஒத்திவைத்தார். 1988 ஜனவரிக்குப் பிறகு பிறந்த எந்தப் பாலஸ்தீனரும் இன்றுவரை ஒரு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்ததில்லை. அந்த மக்கள்தொகையில் பாதிப்பேர் இருபது இருபத்திரண்டு வயதைத் தாண்டாதவர்கள் என்பதையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள்.

அப்பாஸ் பதவி விலக வேண்டும் என்போர் அண்மைச் சுற்றுகளில் 80 சதவீதத்துக்கும் மேல். ஹமாஸை ஏற்காதவர்களும் இதில் அடக்கம். அதிபர் தேர்தலில் யாருக்கு வாக்களிப்பீர்கள் என்றால் ஆண்டுக்கணக்காக முன்னணியில் வருபவர் மர்வான் பர்கூத்தி. 2002 முதல் இஸ்ரேலியச் சிறையில், ஐந்து ஆயுள் தண்டனைகளோடு இருக்கும் ஃபத்தா தலைவர். அவரை மக்கள் விரும்புவதற்குக் காரணம் ஆயுதம் மட்டுமே என்று எண்ணுவது பிழை. 2006-இல் ஃபத்தா, ஹமாஸ் உள்ளிட்ட அமைப்புகளின் கைதிகள் சேர்ந்து சிறைக்குள்ளிருந்து எழுதிய ஆவணத்தில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. 1967 போரில் இஸ்ரேல் பிடித்த நிலப்பரப்பில் ஒரு பாலஸ்தீன நாடு என்பதை அந்த ஆவணம் ஏற்றது. அப்பாஸ் அதைப் பொதுவாக்கெடுப்புக்கு விடப்போவதாக நாள்கூடக் குறித்தார். 2006 ஜூன் 25 அன்று இஸ்ரேலியச் சிப்பாய் கிலாத் ஷாலித் காஸா எல்லையில் பிடிக்கப்பட்டபின் நிகழ்வுகள் வேறு திசையில் ஓடிவிட்டன. மக்களின் கருத்தை நேரடியாக, சட்டப்படி அறிந்திருக்கக்கூடிய ஒரே வாய்ப்பு அப்படித்தான் கைநழுவியது. இன்றும் அதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மருதவாணன் சொன்ன 2006 தேர்தலிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஹமாஸ் பெற்ற வாக்குகள் சுமார் 44 சதவீதம், ஃபத்தா 41. மாவட்டத் தொகுதிகளில் ஃபத்தாவினர் ஒருவருக்கொருவர் போட்டியிட்டு வாக்கைச் சிதறடித்ததால் மூன்று சதவீத வேறுபாடு 74-க்கு 45 என்று ஆனது. ஹமாஸ் போட்டியிட்ட பட்டியலின் பெயர் "மாற்றமும் சீர்திருத்தமும்". வாக்காளர்கள் மனத்தில் இருந்தவை ஊழலும் சட்டம் ஒழுங்கும். அந்தத் தேர்தலுக்குப் பின்னரும் இஸ்ரேலுடன் ஓர் உடன்பாடு வேண்டும் என்பதைப் பெரும்பான்மையினர் தொடர்ந்து ஆதரித்தார்கள்.

#8 – மருதவாணன்

எண்ணாளர் தந்த கணக்கை ஏற்கிறேன். 2003-இன் அந்த 85 சதவீதம் எனக்குத் தெரியாது; தாழைமலருக்கு நன்றி.

ஆனாலும் என் ஐயம் முழுதும் தீரவில்லை. 2025 அக்டோபரில் போர்நிறுத்தம் வந்தபின் எடுத்த கணிப்பில்கூடப் பத்தில் ஏழு பேர் ஹமாஸின் ஆயுதங்களைக் களைவதை எதிர்த்தார்கள். பழைய கூட்டுக் கணிப்புகளிலும் படையில்லாத பாலஸ்தீன நாடு என்ற பிரிவைத்தான் அவர்கள் மிகக் கடுமையாக மறுத்துவந்திருக்கிறார்கள். இஸ்ரேலிய யூதர்களுக்கோ அந்தப் பிரிவு இல்லாமல் உடன்பாடே இல்லை. 2024 கோடையில் எடுத்த கூட்டுக் கணிப்பில் இரு நாடுகள் தீர்வை ஆதரித்த யூதர்கள் 21 சதவீதமே. நம்பிக்கை வற்றியது ஒரு கரையில் மட்டுமல்ல. அந்தப் பக்கத்து அச்சத்தையும் இதே கவனத்தோடு வாசிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

#9 – தாழைமலர்

அந்த வேண்டுகோளை ஏற்கிறேன். தனி இழையாகவே தொடங்கலாம். ஆயுதக் களைவைப் பற்றி மட்டும் ஒன்று. அங்கும் மேற்குக் கரையில் எதிர்ப்பு மிகக் கூடுதல், காஸாவில் பாதியைச் சற்றே தாண்டியது. 2025 மார்ச் இறுதியில் வடக்குக் காஸாவின் பெய்த் லாஹியாவில் ஹமாஸுக்கு எதிராக மக்கள் தெருவில் இறங்கியதை நினைவில் கொள்ளுங்கள்; மேயில் எடுத்த கணிப்பில் காஸாவாசிகளில் ஏறத்தாழ பாதிப்பேர் அந்த ஆர்ப்பாட்டங்களை ஆதரித்தார்கள்.

அக்டோபர் 7-க்கு முந்தைய நிலையையும் சேர்த்து வைக்கிறேன். அரபு நாடுகளில் கருத்துக்கணிப்பு நடத்தும் அரபு பாரோமீட்டர் அமைப்பின் கள ஆய்வு காஸாவில் 2023 அக்டோபர் 6 அன்று, தாக்குதலுக்கு முதல் நாள், முடிந்தது. ஹமாஸ் அரசின் மீது நம்பிக்கை சிறிதும் இல்லை அல்லது அதிகம் இல்லை என்றோர் 67 சதவீதம். இரு நாடுகள் தீர்வை ஆதரித்தோர் 54 சதவீதம். மறுநாள் காலையில் நடந்ததை முடிவு செய்தவர்கள் இவர்களைக் கேட்டுவிட்டுச் செய்யவில்லை.

பிறகு வந்த மாதங்களிலும் காஸாவின் எண்களை ஒருமுறை பாருங்கள். 2024 மார்ச்சில் அங்கே இரு நாடுகள் தீர்வுக்கான ஆதரவு 62 சதவீதம் வரை ஏறியது. போர் முடிந்தால் உலகம் ஏதாவது செய்யும் என்ற எண்ணம் அப்போது இருந்தது. இஸ்ரேலிய ஆக்கிரமிப்பை முடிக்கச் சிறந்த வழி எது என்ற கேள்விக்கு, இரு பகுதிகளையும் சேர்த்து, 2023 டிசம்பரில் ஆயுதப் போராட்டம் என்றோர் 63, பேச்சுவார்த்தை என்றோர் 20. 2025 மேயில் 41-க்கு 33. இத்தனை சாவுக்கு நடுவிலும் பேச்சுவார்த்தை என்ற சொல்லின் மதிப்பு அங்கே ஏறியிருக்கிறது. அதே மே மாதத்தில் காஸாவாசிகளில் ஏறத்தாழ பாதிப்பேர், வெளியேற உதவி கேட்டு இஸ்ரேலிடமே விண்ணப்பிக்கத் தயார் என்றும் சொன்னார்கள். இந்த இரண்டையும் அருகருகே வைத்தால் என்ன பொருள் என்று எனக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை.

#10 – பாலைவழி

#5-இல் நான் குறிப்பிட்ட நண்பரை நேற்று இரவு அழைத்தேன். 2025 செப்டம்பரில் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, பிரான்ஸ் எல்லாம் பாலஸ்தீனத்தை நாடாக ஏற்றபோது வாழ்த்துச் சொல்லப் பேசியதற்குப் பிறகு இப்போதுதான் பேசுகிறோம். இந்த இழையைப் பற்றிச் சொல்லி, கணிப்புகளில் கேட்கும் கேள்வியை அப்படியே அவரிடம் கேட்டேன்: "இரு நாடுகள் தீர்வை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. "எந்த எல்லை என்று கேள்வியில் இருக்கிறதா?" என்றார். 1967 எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "யார் திரும்ப வாங்கித் தருவார்கள் என்று இருக்கிறதா?" என்றார். அது இல்லை என்றேன். "சரி, ஆதரிக்கிறேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து, நடக்குமா என்று கேட்பீர்கள் அல்லவா, அதற்கு நடக்காது என்று எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்.

அம்மானில் படித்த அவருடைய மகள் இப்போது பல் மருத்துவராக இருக்கிறாள். அருகில்தான் இருக்கிறாள், அவளிடமும் கேளுங்கள் என்று தொலைபேசியைக் கொடுத்தார். மாமா என்று அழைத்து மரியாதையாகப் பேசினாள். முதல் கேள்வியைக் கேட்டேன். எதிர்க்கிறேன் என்றாள். அப்படியானால் வேறு எதை ஆதரிக்கிறாய் என்று கேட்டேன். "மாமா, அந்தக் கேள்வியை எங்களிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. கொஞ்சம் நேரம் கொடுங்கள்" என்றாள்.

வெள்ளிக்கிழமை மீண்டும் அழைப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அவள் சொல்வதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.